இருமல் வீட்டுப் பிடில்

போன மாதம் மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். பாக்டரியில் ஷிப்டு வேலை. நாற்பது வயதுக்கு மேல் பிடில் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். கச்சேரி ஆசையெல்லாம் இல்லை. வேலை விட்டு வந்தால் பாயைப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் புதுசின் விலையைக் கேட்டு மலைத்துப்போய், ஓசூரிலேயே ஒரு வீட்டில் பழைய பிடில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதை வாசித்தவர் நோயில் கிடந்து காலமானவர்.

"எங்க வீட்ல அதை உள்ள விடமாட்டேங்குறாங்க ஐயா. நீங்க அந்தக் காலத்துல கிருஷ்ணகிரியில பிடில் கடையில இருந்தவராமே. செத்தவங்க வீட்டுப் பிடிலை வாங்கலாங்களா வேணாங்களா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் போனபிறகு சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு நோட்டை எடுத்தேன். அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்குப் படிப்பு கம்மி. தெரிந்தபடி எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பேரிகை. எட்டாவது தேறவில்லை. பஜனைக் கோஷ்டியில் ஆர்மோனியம் வாசித்த என் மாமா, கிருஷ்ணகிரியில் ராவ்ஜி கடையில் கொண்டுபோய் விட்டார். ஆர்மோனியம், மிருதங்கம், பிடில், பஜனைத் தாளம் எல்லாம் விற்பதும் பழுது பார்ப்பதுமான கடை. முதல் சில வருஷம் வஜ்ஜிரம் காய்ச்சினேன், தோல் நனைத்தேன், கடை பெருக்கினேன். வஜ்ஜிரப் பசை காய்ச்சும்போது நாறும். பழகிவிட்டால் நாறாது. அதைத் தவிர அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு பிடில் வேலை என் கைக்கு வந்தது. கல்யாணம் ஆனது. பழையபேட்டையில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் மனைவி எல்லம்மாவும் எங்கள் மகள் தனமும் இருந்தோம். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. தனத்துக்கு அப்போது நாலு வயது. எல்லம்மா இரண்டாவதாக உண்டாகியிருந்தாள்.

ராவ்ஜியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கறுப்புக் குல்லாய், கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு. குரலை உயர்த்தவே மாட்டார். சந்தோஷமாக இருந்தால் என்னை "முனி" என்பார். சாதாரணமாக "முனிரத்தினம்". கோபம் வந்துவிட்டால் "முனிரத்தினம் அவர்களே" என்று ஆரம்பிப்பார். அந்த "அவர்களே" காதில் விழுந்தால் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவேன்.

வீட்டில் வாசிக்கப் பிடில் வேண்டும் என்று பெரியவர்கள் யாராவது வந்தால், அவர் முதலில் பிடிலை எடுக்க மாட்டார். "வீட்ல எந்த இடத்துல உட்கார்ந்து வாசிப்பீங்க?" என்று கேட்பார். அடுப்புப் புகை வரும் இடமா, மழைச் சாரல் அடிக்கும் இடமா என்று தெரிந்துகொள்வார். பிறகு அவர்களைப் பாயில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார வைப்பார். மூன்று பிடிலை ஒரே சுருதியில் சேர்த்து, ஒரே சரளி வரிசையை ஒன்றன்பின் ஒன்றாக நான் வாசிக்க வேண்டும். பளபளப்பைப் பார்த்தும், விலையைக் கேட்டும் காது மாறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அதன்பிறகு அவர்களே வாசித்துப் பார்க்க வேண்டும்.

"கச்சேரிக்கு வாங்குறவங்க தூரத்துல கேக்குற சத்தத்தை வாங்குவாங்க. நீங்க உங்க நெஞ்சுக்கிட்ட கேக்குற சத்தத்தை வாங்குங்க" என்பார்.

சல்லிசான பிடிலில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதற்கும் அவரிடம் ஒரு வரிசை உண்டு. தலைச் சுருளில் கண்ணை வைத்து நீளத்துக்குப் பார்த்தால் கழுத்தும் தந்தியைத் தாங்கும் குதிரையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தந்தி விரல் பலகையிலிருந்து ரொம்பத் தூக்கலாக நிற்கக் கூடாது. வயது வந்த விரல் சீக்கிரம் வளையாது, தூக்கலான தந்தியை அழுத்தி அழுத்தி ஒரு மாதத்தில் வெறுத்துப்போவார்கள். விரல் மொட்டியால் ஓரமெல்லாம் தட்டிக்கொண்டே வர வேண்டும். எங்கேயாவது சத்தம் பிளந்த மாதிரி வந்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகினால் வழுக்கவும் கூடாது, முனகவும் கூடாது. பிடில் வயிற்றுக்குள் ஒரு சின்னக் குச்சி நிற்கும். அது நேராக நிற்கிறதா என்று மேல் பலகைத் துளை வழியே பார்க்க வேண்டும். அந்தக் குச்சி சாய்ந்தால் பிடிலுக்குப் பேச்சே கிடையாது. ஓசூர்க்காரர்கள் வந்தால் ஒன்று கூடுதலாகச் சொல்லுவார். மேலே ஓசூரில் குளிரும் ஈரமும். கீழே எங்கள் ஊரில் வெயில். மலை ஏறின பிடிலைக் கொஞ்ச நாள் தந்தி தளர்த்தியே வைக்க வேண்டும், இல்லையென்றால் மரம் கோபித்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை. பழைய பிடில் என்றால், அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும்.

அந்தப் பிடில் நாட்றாம்பாளையம் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவருடையது. அவர் மச்சான் ஒரு பழைய சிவப்புச் சேலையில் சுற்றிக் கொண்டுவந்தார். கடைக்குள் வரவில்லை. படிக்குக் கீழேயே நின்றார்.

"முன்னாடியே சொல்லிடறனுங்க. எங்க மாமா இருமியே போய்ட்டார். டி.பி.ன்னு சேலத்துல சொன்னாங்க. போய் வருஷமாச்சு. அப்புறம் யாரும் இதைத் தொடலீங்க. அக்காவுக்கு இதைப் பார்த்தாவே அழுகை வருது" என்றார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டி.பி. என்றால் என்ன பயம் என்று புரியாது. அந்த வீட்டுத் தெருவில் நடக்க மாட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணைக் கட்ட மாட்டார்கள். நம் முறையில் பிடிலை எப்படி வைத்து வாசிக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். தலைச் சுருள் காலடியில், வயிறு நெஞ்சில். இருமிய நெஞ்சில் வருஷக் கணக்காகச் சாய்ந்திருந்த மரம் அது.

ராவ்ஜி படி இறங்கிப்போய் வாங்கிக்கொண்டார். பிரித்ததும் தெரிந்தது, பழைய ஜெர்மன் சரக்கு. அந்தச் சமயத்தில் வெளிநாட்டுப் பிடில் வரத்து நின்றுபோய், புதுசாகக் கிடைத்த கல்கத்தாப் பிடில்கள் பச்சை மரமாகக் கத்திக்கொண்டிருந்தன. "நோய் வந்த வீட்டுப் பொருள்ல லாபம் வெக்கக் கூடாது, முனி. கொடுத்த காசுக்கே யாராவது வீட்டுக்காரங்களுக்குக் குடுத்துடலாம். சுத்தம் பண்ணு" என்று என்னிடம் நீட்டினார்.

சேலையோடு சேர்த்து வாங்கிக்கொண்டேன். பயத்தை வெளியே சொல்லவில்லை.

பழைய பிடிலின் வயிற்றைச் சுத்தம் பண்ணுவது அரிசியால். ஒரு பிடி பச்சரிசியைக் கொஞ்சம் சூடு காட்டி, மேல் பலகையில் இருக்கும் துளை வழியே உள்ளே போட்டு மெதுவாகக் குலுக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூசி அரிசியோடு உருண்டு வெளியே வரும். அந்த அரிசியைக் கடைக்குப் பின்னால் சிட்டுக்குருவிகளுக்குப் போட்டுவிடுவேன். அன்றைக்கு நான் அரிசியில் மஞ்சள் தூளைப் பிசறினேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மஞ்சள் விஷத்தை முறிக்கும் என்ற நம்பிக்கைதான். மூக்கையும் வாயையும் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே குலுக்கினேன். வாத்தியார் வீட்டுத் தூசி சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாக வந்தது. துண்டுக்குள் என் மூச்சு எனக்கே சூடாக அடித்தது.

"அந்த அரிசியைக் குருவிக்குப் போடாதே, கொளுத்திடு" என்றார் ராவ்ஜி.

அரிசியை நெருப்பில் கொட்ட எனக்குக் கை வரவில்லை. எங்கள் பக்கம் அன்றாடம் ராகிக் களிதான். அரிசி என்றால் லட்சுமி. தூசியை ஊதிக் கொளுத்திவிட்டு, அரிசியை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்துகொண்டேன். ஆற்றில் விட்டுவிடலாம் என்று எண்ணம். மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. முடிச்சை வீட்டுப் பின்பக்கத்து ஆணியில், யார் மேலும் படாமல் உயரத்தில் மாட்டினேன். குளித்துவிட்டு, களியைத் தின்றுவிட்டு, மழை விட்டதும் எடுத்துப் போகலாம் என்று கடைக்குத் திரும்பிவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை என்பது எனக்கு நினைவில்லை.

வெள்ளிதோறும் நான் முருகன் கோயிலுக்குப் போய் அட்சதை முடிந்துகொண்டு வருவேன். அதே மாதிரி வெள்ளைத் துணி. அதே மாதிரி மஞ்சள் அரிசி. எங்கள் வீட்டில் கோயில் அட்சதையைக் கீழே போடுவதில்லை. அரிசிப் பானையில் ஒரு கிள்ளு போட்டால் பானை குறையாது என்பார்கள். மீதியை வெல்லம் போட்டுப் பொங்கிப் பிள்ளைக்குக் கொடுப்பது வழக்கம்.

சாயங்காலம் நான் வந்தபோது ஆணி காலியாக இருந்தது. எல்லம்மா துணியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். தனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கிண்ணத்தை வழித்து வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, சாமி பொங்கல்" என்று விரலைக் காட்டினாள்.

என்ன சொல்ல? பிள்ளை உண்டான பெண்ணிடம், நீ உன் குழந்தைக்கு டி.பி. வீட்டுத் தூசியைப் பொங்கிப் போட்டாய் என்று எப்படிச் சொல்ல?

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"நெஞ்சைக் கரிக்குதுன்னு தொடலை. உங்களுக்கு எடுத்து வெச்சிருக்கேன்."

"எனக்குப் போடு."

"கைகால்கூடக் கழுவலையே, அவ்வளவு பசியா?"

சட்டியோடு வாங்கி ஒரு பருக்கை விடாமல் தின்றேன். அவளுக்குப் போகக் கூடாது என்பது ஒன்று. தனத்துக்கு வருவது எனக்கும் வரட்டும் என்பது இன்னொன்று. பிறகு அரிசிப் பானையை முறத்தில் கொட்டி, மஞ்சள் அரிசியைத் தேடித்தேடிப் பொறுக்கினேன்.

"என்ன, இன்னைக்கு அய்யா கல்லு பொறுக்குறீங்க? மழை வந்தது இதுக்குத்தானா?" என்று எல்லம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. காலையில் தனத்தைக் குளிப்பாட்டுகிற சாக்கில் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்பேன். பிடிலை மொட்டியால் தட்டி ஒட்டு விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிற காது என்னுடையது. குழந்தையின் முதுகில் அது எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் பயம் குறையவும் இல்லை. குலுக்கியவன் நான் என்பதால் என் மூச்சு அவர்கள் மேல் படக் கூடாது என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை கோயிலில் குருக்கள் அட்சதை கொடுத்தால், அங்கேயே தலையில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வருவேன்.

இந்த நிலைமையில்தான் ஜெயம்மா கடைக்கு வந்தார். ஓசூர்க்காரர், வீட்டுப் பேச்சு கன்னடம், தமிழும் நன்றாக வரும். அவர் கணவர் நஞ்சப்பா ஓசூர்–கிருஷ்ணகிரி பஸ்ஸில் கண்டக்டர். அந்த பஸ் தினம் எங்கள் கடை முன்னால்தான் மெதுவாகத் திரும்பி ஸ்டாண்டுக்குள் போகும்.

"சின்ன வயசுல எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு. கல்யாணத்தோட விட்டுப்போச்சு. இப்போ மகனும் வேலைன்னு பெங்களூரு போயிட்டான். இவரு பொழுதுக்கும் பஸ்ல. வீடு கம்முன்னு இருக்குது அண்ணா, பயமாயிருக்கு. கையில ஒண்ணு இருந்தா தேவலை" என்றார். "ரொம்ப விலை வேணாம். இவரு விசில் ஊதி சம்பாதிக்கிறதுதான்."

நஞ்சப்பா பக்கத்தில் நின்று, "நானும் வாசிக்கிறவன்தான், விசில்" என்றார். ராவ்ஜிகூடச் சிரித்தார்.

அம்மாவை முதுகு காட்டி உட்கார வைத்தோம். கல்கத்தாப் பிடில் ஒன்று, பெங்களூர் ஆசாரி செய்தது ஒன்று, வாத்தியார் பிடில் ஒன்று. மூன்றையும் வாசித்தேன். மூன்றாவதில் வில்லை வைத்த உடனேயே அந்த அம்மாவின் தலை கொஞ்சம் சாய்ந்தது. பிறகு அவரே வாங்கி, காலை மடக்கி, சுருளைக் காலடியில் ஊன்றி, வயிற்றை நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். வருஷக் கணக்கில் தொடாத கை. தடுமாறித் தடுமாறித்தான் வந்தது. ஆனால் பிடில் அவருக்காகப் பொறுத்துப்போன மாதிரி இருந்தது. "இதுதான்" என்றார்.

எந்த வீட்டுப் பிடில் என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. நான் சும்மா நிற்பதை ராவ்ஜி பார்த்தார்.

"இந்தப் பிடில் வந்த வீட்டைப் பத்தி முனிரத்தினம் அவர்கள் சொல்லுவார்" என்றார்.

சொன்னேன். வாத்தியார், இருமல், சேலம், ஒரு வருஷமாகத் தொடாமல் இருந்தது, சுத்தம் பண்ணினது, சாம்பிராணிப் புகை காட்டினது எல்லாம் சொன்னேன். அந்த அம்மா பிடிலை நெஞ்சிலிருந்து எடுத்துப் பாயில் வைத்தார். கோபமாக வைக்கவில்லை. தூங்குகிற குழந்தையை இறக்குகிற மாதிரி வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்கா அண்ணா? இதை உங்க வீட்ல வெச்சுக்குவீங்களா?"

கேட்கக் கூடாத கேள்வி இல்லை அது. யாரும் கேட்பார்கள். ஆனால் அந்தக் கடையில் நான் இருந்த அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி என் மேல் விழுந்ததில்லை.

"அம்மா, இதோட தூசி என் மகள் வயித்துக்குள்ள போயிருக்கு" என்றேன். மஞ்சள் அரிசிக் கதை முழுவதையும், எல்லம்மாவிடம் சொல்லாததை, முன்பின் பழக்கமில்லாத ஒரு அம்மாவிடம் சொல்லி முடித்தேன். ராவ்ஜி குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் தலையை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

ஜெயம்மா மெதுவாகச் சொன்னார். "பிடில் இங்கேயே இருக்கட்டும். வேற யாருக்கும் குடுக்காதீங்க. உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா நான் எடுத்துக்கறேன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயந்தவர் பேச்சு. ஆனாலும் வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அந்த வார்த்தை என்னோடு வந்தது. என் மகளை வைத்து ஒரு பிடிலைச் சோதிக்கிறார்கள். நானும் ஒத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வருகிறேன்.

மறுநாளிலிருந்து பஸ் திரும்பும்போதெல்லாம் நஞ்சப்பா படியில் தொங்கிக்கொண்டே கேட்பார், "மகு ஹேகிதெ, முனிரத்தினம்?"

குழந்தை எப்படி இருக்கு என்று அர்த்தம். "நல்லா இருக்குங்க" என்பேன். விசில் ஊதும். பஸ் போய்விடும். மழையானாலும் வெயிலானாலும் அதே கேள்வி. அவர் கேட்பது குழந்தையையா பிடிலையா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் வரும் சத்தம் கேட்டாலே உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கும். போகவும் மாட்டேன். போனால், குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாரே.

எல்லம்மாவுக்கு எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு காலை, நான் தனத்தின் முதுகில் காதை வைத்திருக்கும்போது பின்னால் வந்து நின்றாள்.

"அவ முதுகுல என்ன பாட்டு கேக்குது?"

சொல்லிவிட்டேன். கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டாள். அழுவாள், அடிப்பாள், பிறந்த வீட்டுக்குக் கிளம்புவாள் என்று என்னென்னவோ நினைத்தேன். தனத்தின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

"சோத்துல பங்கு கேட்டு வாங்கித் தின்னீங்க. பயத்துல எனக்குப் பங்கு குடுக்கலையே."

அதன்பிறகு இரண்டு பேருமாகக் கேட்டோம். முதலில் நான் காதை வைப்பேன், பிறகு அவள். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

மார்கழிப் பனியில் தனம் இருமினாள்.

முதல் இருமலிலேயே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கஷாயம் கொடுத்தோம், விபூதி போட்டோம், மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்தோம். இருமல் நிற்கவில்லை. காய்ச்சலும் சேர்ந்தது. கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"அரிசியைப் பொங்கித்தானே போட்டீங்க? கொதிச்சதுல அந்தக் கிருமி இருக்காது. நோயாளி பக்கத்துல இருந்து இருமினாத்தான் பயம். வருஷம் சும்மா கிடந்த பிடில்ல என்ன இருக்கப் போகுது" என்றார். குழந்தையின் நெஞ்சையும் முதுகையும் பார்த்தார். பிறகு, "குலுக்கினவன் நீதானே, சட்டையைக் கழட்டு" என்று என்னையும் பார்த்தார். "பனி இருமலாத்தான் தெரியுது. மருந்தைக் குடுங்க. பொங்கலுக்குள்ள நிக்கலைன்னா சேலம் போய் படம் எடுத்துப் பார்க்கலாம்."

அவர் சொன்னதெல்லாம் புத்திக்கு ஏறியது. சேலம் என்ற வார்த்தை மட்டும் நெஞ்சில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வாத்தியாருக்கும் சேலத்தில்தானே சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் பஸ் திரும்பியது. "மகு ஹேகிதெ?"

பொய் சொல்லியிருக்கலாம். ராவ்ஜி கடையில் நின்றுகொண்டு அது வரவில்லை. "இருமுறாளுங்க, காய்ச்சல்" என்றேன். நஞ்சப்பா முகம் மாறியது. விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. டிரைவர் தானாகவே வண்டியை எடுத்தார்.

ராவ்ஜி அலமாரியிலிருந்து பிடிலை எடுத்துத் துணியில் சுற்றினார். "அவங்க இனிமே வரமாட்டாங்க, முனி. குழந்தைக்கு நல்லானாலும் இதை யாருக்கும் விக்க வேணாம். நம்மகிட்டயே இருக்கட்டும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் முற்பகல் நான் வீட்டில் இருந்தேன். தனத்தை மடியில் வைத்துக்கொண்டு எல்லம்மா நெஞ்சு தடவிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. ஜெயம்மா. ஒரு கையில் ஆரஞ்சுப் பழம், ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு. இன்னொரு கையில் அந்தத் துணி சுற்றிய பிடில். நேரே கடைக்குப் போய் ராவ்ஜியிடம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"உள்ள வரலாமா?" என்று எல்லம்மாவைக் கேட்டார்.

"இருமுற பிள்ளை இருக்குதுங்களே" என்றாள் எல்லம்மா.

"தெரிஞ்சுதான் வந்தேன்."

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். என் பக்கம் பார்க்காமல் எல்லம்மாவிடமே பேசினார். "ராத்திரி இவரு வந்து சொன்னாரு. எனக்குச் சோறு இறங்கலை. உன் பொண்ணு நல்லா இருந்தா பிடில், இல்லைன்னா வேணாம்னு சொல்லிட்டு, தினம் அவரை விட்டுக் கேக்கச் சொன்னேனே. நான் என்ன பொம்பளை? எங்க வீட்டுக்கு இதை இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன். பொண்ணு இருமிட்டிருக்கும்போதே எடுத்துட்டுப் போறேன். உங்களுக்கு இருக்குற பயம் எங்க வீட்லயும் கொஞ்சம் இருக்கட்டும்."

எல்லம்மா மடியிலிருந்த தனத்தைக் கொஞ்சம் நகர்த்தி, தன் பாயில் பாதியை விட்டுக் கொடுத்தாள். ஜெயம்மா அதில் நகர்ந்து உட்கார்ந்து, பிடிலைப் பிரித்து, நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். நான் சுருதி சேர்த்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில், அந்தப் பிடிலில், சரளி வரிசை வாசித்தார். நடுவில் தனத்துக்கு இருமல் வந்தது. நீளமான இருமல். எல்லம்மா பயந்து அந்த அம்மாவைப் பார்த்தாள். வில் நிற்கவில்லை. இருமல் முடிகிறவரைக்கும் ஒரே ஸ்வரத்தில் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மேலே போனார்.

மலை ஏறினதும் தந்தியைத் தளர்த்தி வைக்கச் சொல்லி அனுப்பினேன்.

தை பிறந்து, வெயில் வந்து, தனத்தின் இருமல் நின்றது. சேலம் போகவேண்டிய அவசியம் வரவில்லை. முருகனுக்கு மொட்டை போட்டோம். ஓசூரில் ஜெயம்மா வீட்டிலும் யாரும் இருமவில்லை. தனத்துக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். மூக்கண்டப்பள்ளிக்காரருக்கு டாக்டர் சொன்னதை நான் சொல்லலாம். ஓரத்தைத் தட்டிப் பாருங்கள், கழுத்தைப் பாருங்கள், நல்ல பிடிலென்றால் வாங்குங்கள் என்றும் சொல்லலாம். ஆனால் வாங்குவதற்கு முன்னால் அந்தப் பயத்தை வீட்டுக்கார அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

எனக்குப் பயம் தெளிந்தது தை மாதத்தில் இல்லை. இருமல் நிற்கும் முன்பே தெளிய ஆரம்பித்துவிட்டது. ஜெயம்மா பிடிலை எடுத்துப்போன மறுநாள் வழக்கம்போல பஸ் வந்தது. நஞ்சப்பா டிரைவரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு, படியிலிருந்து கீழே இறங்கினார். பஸ்ஸுக்குள் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைப் படி வரைக்கும் நடந்து வந்து நின்றார்.

"மகு ஹேகிதெ?" என்றார்.

பிடில் அவர் வீட்டில் இருந்தது. இனிக் கேட்பதற்கு அவருக்குக் குழந்தையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"காய்ச்சல் கொஞ்சம் குறைஞ்சிருக்குங்க. உங்க வீட்ல குடுத்த பனங்கற்கண்டைக் கேட்டு அழுறா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படியில் ஏறிக்கொண்டு, விசில் ஊதினார்.